நேர்முகத்துக்குப் போன கேரவன்

மொன்றியலின் மேற்கே புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்யும் களஞ்சியசாலை ஒவ்வோர் ஆண்டும் ஜூலையின் கடைசி இரண்டு வாரங்கள் மூடப்படும். கியூபெக்கில் கட்டடத் தொழிலாளர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விடுமுறையில் போகும் காலம் அது. கதவுப் பிணைச்சலும் திருகாணியும் அனுப்புகிற எங்களுக்கு அப்போது வாங்குவதற்கு ஆள் இருக்காது. 2004ஆம் ஆண்டு அந்த இரண்டு வாரங்களோடு என் சொந்த லீவில் ஐந்து நாட்களைச் சேர்த்துக்கொண்டேன். மனைவி சின்னப் பிள்ளைகளைப் பராமரிக்கும் கார்தெரியிலும் லீவு கிடைத்தது. அவுஸ்திரேலியாவில் இருக்கும் என் தங்கையைப் பார்க்கப் புறப்பட்டோம். அவளை நேரில் கண்டு பதினான்கு வருடங்கள் ஆகியிருந்தன.

தங்கையும் கணவரும் இருந்தது மவுண்ட் ஐசா என்ற சுரங்க நகரத்தில். குவீன்ஸ்லாந்தின் உள்ளே, கடலிலிருந்து ஒரு முழு நாள் ஓட்டத்துக்கும் மேலே தள்ளியிருக்கும் ஊர். தங்கையின் கணவர் அங்கே மின் பொறியியலாளர். நானும் அவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றே அழைப்போம். ஓய்வுபெற்றுப் போன ஒரு சுரங்கத் தொழிலாளியிடம் அவர் பழைய கேரவன் ஒன்றை வாங்கியிருந்தார். இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு கழுவுதொட்டி, எண்பது லீற்றர் தண்ணீர்த் தாங்கி. அதை அவருடைய டீசல் வாகனத்தின் பின்னால் கொழுவிக்கொண்டு நாலு பேரும் கிழக்குக் கடற்கரைவரை போய், ஒரு வாரம் கடலோரம் இருப்பதென்று முடிவு செய்திருந்தோம்.

மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் குவீன்ஸ்லாந்து வரைபடத்தை ஒட்டி, அடிமட்டத்தால் அளந்து, நாளுக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கொப்பியில் அட்டவணை போட்டேன். அட்டவணை முடிந்து ஒரு வாரத்தில் தங்கை தொலைபேசியில் கூப்பிட்டாள். கடற்கரைப் பக்கம் இனிஸ்ஃபெயில் என்ற ஊரில் ஒரு பாடசாலை, நிரந்தரக் கணித ஆசிரியை வேலைக்கு அவளை நேர்முகத்துக்கு அழைத்திருந்தது. வெள்ளிக்கிழமை, காலை பத்தரை. நாங்கள் போகிற வழி, போகிற வாரம். அட்டவணையைக் கிழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன்.

இந்த வேலை அவளுக்கு என்ன என்பதைச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவள். அவுஸ்திரேலியாவில் மறுபடி தபால்மூலம் படித்து டிப்ளோமா எடுத்தாள். அதற்குப் பிறகு எட்டு வருடங்களாக அவள் செய்தது பதில் ஆசிரியை வேலை. யாராவது ரீச்சருக்குக் காய்ச்சல் என்றால் காலை ஆறரைக்குத் தொலைபேசி அடிக்கும். அன்றைக்கு அது கணித வகுப்பாக இருக்கலாம், தையல் வகுப்பாகவும் இருக்கலாம். நிரந்தர வேலைக்கென்று ஆறு நேர்முகங்களுக்குப் போய் ஆறும் சரிவரவில்லை. இது ஏழாவது. இதோடு சரி, இனிக் கேட்டுப் போகமாட்டேன் என்று அவள் தொலைபேசியில் சொன்னாள்.

ஏன் சரிவரவில்லை என்பது பயணத்தின் முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை காலை 7.10க்கு மவுண்ட் ஐசாவை விட்டுப் புறப்பட்டோம். கேரவனுக்குள் ஆட்கள் இருந்து பயணம் செய்யக்கூடாது என்பது சட்டம். ஆகவே நாலு பேரும் முன் வாகனத்தில்தான். மச்சான் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்து, முழங்காலில் கொப்பியை வைத்துக்கொண்டு பாடசாலை அதிபராக நடித்தேன். இருபத்துநாலு கேள்விகள் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். பின் இருக்கையில் இருந்து தங்கை ஆங்கிலத்தில் பதில் சொல்லவேண்டும். நாலாவது கேள்வி, உங்களிடம் உள்ள திறமைகள் எவை என்பது.

தங்கை யன்னலுக்கு வெளியே பார்த்தாள். சிவப்பு மண்ணில் ஆளுயரக் கறையான் புற்றுகள் வரிசையாக நின்றன. கொஞ்ச நேரம் கழித்து, அதை மற்றவர்கள்தான் சொல்லவேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"ஆறு இடத்திலையும் இதைத்தானே சொன்னனீர்?" என்று மச்சான் கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கேட்டார்.

"வேறை என்ன சொல்லுறது? நானே என்னைக் கெட்டிக்காரி எண்டு சொல்லுறதே?"

"பின்னை ஆர் சொல்லுறது? நான் வந்து சொல்லட்டே?"

"நீங்கள் வந்தால் புட்டு நல்லா அவிப்பா எண்டுதான் சொல்லுவியள்."

என் மனைவி சிரித்துச் சிரித்துப் புரைக்கேறித் தண்ணீர் குடித்தாள். பிறகு அவளும் பயிற்சியில் இறங்கினாள். கார்தெரியில் மூன்று வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல, நெஞ்சை நிமிர்த்தி, "ஐ ஆம் வெரி குட்" என்று தங்கையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். தங்கை ஒவ்வொரு முறையும் சொல்லி முடிப்பதற்குள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றைக்கு நோர்மன்டன்வரை போனோம். ஐந்நூறு கிலோமீற்றர். செவ்வாய்க்கிழமை முந்நூறு. தார் போட்ட பகுதி பல இடங்களில் ஒரு வாகனத்துக்கு மட்டும்தான் அகலம். எதிரே மூன்று பெட்டி கொழுவிய மாட்டு லொறி வந்தால் நாங்கள்தான் மண்ணுக்கு இறங்கவேண்டும். ஒவ்வொரு தடவையும் நான் நேரம் குறித்துக்கொண்டேன். செவ்வாய் மட்டும் பதினொரு தடவை இறங்கினோம். எதிரே வருகிறவர்கள் எல்லோரும் சுக்கானிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி வணக்கம் சொல்வார்கள். மனைவி ஒவ்வொருவருக்கும் முழுக் கையையும் அசைத்தாள். பெற்றோல் கடைகளில் இறங்கி, பிரெஞ்சில் "போன்ஜூர்" என்று சொல்லிவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வாள். மொன்றியலில் பதினான்கு வருடம் கடைவாசலில் சொல்லிப் பழகிய வாய் வேறு எதையும் சொல்ல மறுத்தது.

சந்தோஷமான நாட்கள். மத்தியானத்தில் எங்காவது ஒரு மரத்தடியில் நிறுத்தி, கேரவன் கதவைத் திறந்தால் குப்பென்று தேங்காய்ச்சம்பல் மணம் வரும். மடக்குக் கதிரைகளில் இருந்து இடியப்பம் சாப்பிட்டோம். சாம்பல் நிறக் கொக்குகள், மனிதர் உயரத்துக்கு, இரண்டு இரண்டாக நின்று எங்களைப் பார்த்தன. சாப்பிட்ட பின் பால் விடாத பிளேன்ரீ. எங்கள் வீட்டில் தேநீருக்குச் சீனி போடுவதில்லை. பனங்கட்டியை ஒரு கடி கடித்து, தேநீரை ஒரு மிடறு குடிப்போம். தங்கையிடம் சிட்னிக் கடையிலிருந்து வரவழைத்த பனங்கட்டி இருந்தது. மச்சான் தன் பங்கை முடித்துவிட்டு என் பங்கைப் பார்ப்பார்.

புதன்கிழமை குறைந்த தூரம். மத்தியானமே மவுண்ட் சர்ப்ரைஸ் என்ற சின்ன ஊரின் கேரவன் தரிப்பிடத்துக்கு வந்துவிட்டோம். மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் கொழுவிக்கொள்ள வசதி உண்டு. பொதுவான குளியலறை, பொதுவான சமையல் கொட்டகை. அலுவலகத்துப் பலகையில் அன்றிரவு வெப்பநிலை நான்கு பாகை என்று எழுதியிருந்தது.

நான்கு பாகை என்றதும் எனக்கு மொன்றியலுக்குப் பக்கத்தில் புரோசார்டில் இருக்கும் நண்பர் வீடுதான் கண்முன் வந்தது. வெளிக்குழாயின் தண்ணீரை வடிக்க மறந்து, முதல் உறைபனியில் குழாய் வெடித்து, அவருடைய நிலக்கீழ் அறையிலிருந்து நாங்கள் ஐந்து பேர் வாளியால் தண்ணீர் அள்ளினோம். அதிலிருந்து ஒக்ரோபர் பிறந்தால் குழாய் வடிப்பது என்னுடைய கடமைபோல் ஆகிவிட்டது. தெரிந்தவர்கள் வீடுகளுக்கும் தொலைபேசியில் நினைவூட்டுவேன். நான்கு பாகைக்குத் தண்ணீர் உறையாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பலகையில் நான்கு என்று எழுதினால் விடிய ஒன்றாகவும் இருக்கும், பூச்சியமாகவும் இருக்கும்; மொன்றியலில் எத்தனை தடவை கண்டிருக்கிறேன். மற்றவர்கள் குளிக்கப் போயிருந்த நேரம், கேரவனின் கீழே படுத்து, தாங்கியின் வடிகுழாயைத் திறந்துவிட்டேன். குழாய் இணைப்பையும் கழற்றிச் சுருட்டி வைத்தேன். எண்பது லீற்றரும் சிவப்பு மண்ணில் ஓடிப் போயிற்று. வாகனத்தின் முன்கண்ணாடித் துடைப்பான்கள் உறைந்து ஒட்டிவிடக்கூடாதென்று அவற்றையும் தூக்கி நிறுத்தினேன். கொப்பியில், "தாங்கி வடித்தாயிற்று, 6.20. காலையில் நிரப்புக" என்று எழுதினேன்.

காலையில் மச்சான் முதலில் கண்டது துடைப்பான்களை.

"மச்சான், இது ஏன் கையைத் தூக்கிக்கொண்டு நிக்குது? வாகனத்தை ஆரும் சுடப்போறாங்களே?"

நான் காரணம் சொன்னேன். அவர் தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினார். தங்கை என் மனைவியைக் கூப்பிட்டாள். பக்கத்துக் கேரவன்காரர்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார். இரவு குறைந்தபட்ச வெப்பநிலை ஏழு பாகைதான் என்று அவர் தகவலும் தந்தார். இந்தச் சிரிப்புக்கு நடுவில் தாங்கியையும் வடித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த ஊர் ஒன்றரை மணித்தியாலம்தான். அங்கே எண்ணெய் அடிக்கும்போது ஒருவருக்கும் தெரியாமல் நிரப்பிவிடலாம் என்று நினைத்தேன். கொப்பியில் எழுதி நான் நிறைவேற்றாமல் விட்ட வரிகள் மிகக் குறைவு. அது ஒன்று.

வியாழக்கிழமை 8.40க்குப் புறப்பட்டோம். 9.25க்கு வாகனத்தின் முன்பக்கத்திலிருந்து வெள்ளைப் புகை வந்தது. ஓரம் கட்டி நிறுத்தினோம். ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர்க் குழாய் நுனியில் பிளந்திருந்தது. மச்சான் பதறவில்லை. அரை மணித்தியாலம் ஆறவிட்டு, பிளந்த நுனியைக் கத்தியால் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை இழுத்து மறுபடி பூட்டினார். பிறகு கைகளைத் தட்டிக்கொண்டு, பெருமையோடு சொன்னார், "தண்ணிக்குப் பஞ்சமில்லை. எண்பது லீற்றர் கிடக்கு. பிள்ளை, வாளியைக் கொண்டு வாரும்."

தங்கை வாளியோடு போய்க் கேரவன் குழாயைத் திறந்தாள். அது ஒருமுறை செருமியது.

நான் அப்போதுதான் சொன்னேன். குறிப்புக் கொப்பியில் எழுதியிருந்த நேரத்தையும் சேர்த்துச் சொன்னேன். ஏன் அதைச் சொன்னேனென்று தெரியவில்லை. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கைத்தொலைபேசிக்கு அங்கே அலை இல்லை. மறுநாள் காலை பத்தரைக்கு நேர்முகம். இருநூறு கிலோமீற்றருக்கு மேல் மிச்சம் இருந்தது, அதில் பாதி மலை.

மனைவிதான் முதலில் வாய் திறந்தாள். "இஞ்சாருங்கோ, இது என்ன மொன்றியலே?"

தங்கை வெறும் வாளிக்குள் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ வாளியைக் கீழே வைத்துவிட்டு, கணவரிடம் எத்தனை லீற்றர் வேண்டும் என்று கேட்டாள். ஏழு, எட்டு என்றார். "அண்ணை, கொப்பியை எடுங்கோ, நான் சொல்லுறதை எழுதுங்கோ," என்றாள். அதன் பிறகு அவள் நடந்த விதத்தை நான் முன்பு கண்டதில்லை. அவளுடைய மாணவர்கள் கண்டிருப்பார்கள். ஐஸ் பெட்டியின் அடைப்பைத் திறந்து உருகிய தண்ணீரை வடிக்க வைத்தாள்: மூன்று லீற்றர். குடிக்கும் போத்தல்கள் மூன்றில் ஒன்றைத் தொடவேண்டாம் என்று ஒதுக்கினாள். மற்றவை இரண்டு லீற்றர். சுடுதண்ணிப் போத்தலில் பிளேன்ரீ ஒன்றரை லீற்றர். சீனி இல்லை, ஆகவே பரவாயில்லை. மொத்தம் ஆறரை. இன்னும் ஒன்று தேவை. தோசைக்கென்று காலையில் தரிப்பிடத்துச் சமையல் கொட்டகையில் உளுந்து ஊறப் போட்டிருந்த சட்டியைக் கொண்டுவந்தாள். அதன் தண்ணீரை என் மனைவியின் பருத்திச் சால்வையில் வடித்தாள்.

"உளுந்துத் தண்ணியோ? எஞ்சின் பொங்கி வரும்," என்றார் மச்சான்.

"பொங்கினால் சுட்டுத் தாறன். ஊத்துங்கோ."

தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தபோது ஒரு கேரவன் வந்து பின்னால் நின்றது. நரைத்த தாடிக்கார வெள்ளையர் ஒருவரும் அவர் மனைவியும். அவர் ரேடியேட்டருக்குள் எட்டிப் பார்த்து, மணந்து, தேநீரா என்று கேட்டார். ஓம் என்றோம். பால் விட்டீர்களா என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார். பிறகு தன் கேரவனிலிருந்து பத்து லீற்றர் கான் ஒன்றை இறக்கித் தந்துவிட்டு, தாங்கியில் தண்ணீர் எப்படித் தீர்ந்தது என்று விசாரித்தார். மச்சான் என்னைச் சுட்டிக்காட்டி, கனடாவிலிருந்து வந்தவர் என்றார். அந்த ஒரு சொல்லிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டதுபோல் தலையாட்டினார். மனைவி அவர்களுக்கு "மெர்சி" சொன்னாள்.

வெட்டிப் பூட்டிய குழாய் கசிந்துகொண்டே இருந்தது. மணிக்கு ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் போகவில்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் விட்டோம். அன்று மாலை இனிஸ்ஃபெயிலில் இருந்திருக்கவேண்டிய நாங்கள் மலைமேல் ரேவன்ஸ்ஹோ என்ற ஊரில் நின்றோம். திருத்தும் கடை பூட்டியாயிற்று. காலை எட்டுக்குத்தான் திறக்கும். எட்டுவரை நின்றால் நேரம் போதாது. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன்: ஆறு மணிக்குப் புறப்பட்டால், நிறுத்தங்களோடு சேர்த்து, ஒன்பதே முக்கால். இந்த முறை தாங்கியை நிரப்பியது மச்சான். நிரம்பி வழிவதைக் காட்ட என்னைக் கூப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை 6.05க்கு இறங்கத் தொடங்கினோம். இதுவரை காய்ந்து கிடந்த நாடு ஒரு வளைவில் பச்சையாக மாறியது. மழைக்காடு இரு பக்கமும் தெருமேல் கவிந்திருந்தது, மெல்லிய மழை. என் இருபத்துநாலு கேள்விகளையும் நான் வெளியே எடுக்கவில்லை. மலை முடிந்ததும் கரும்புத் தோட்டங்கள், வாழைத் தோட்டங்கள். வாழைக் குலைகளை நீலப் பைகளால் மூடிக் கட்டியிருந்தார்கள். 9.50க்கு இனிஸ்ஃபெயில் பெற்றோல் கடையின் கழிப்பறையில் தங்கை உடை மாற்றினாள். என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 10.15க்குப் பாடசாலைத் தரிப்பிடத்தில் நாலு வாகனங்களின் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றோம். இறங்கும்போது தங்கை திரும்பிப் பார்க்கவில்லை.

முன்னைய நேர்முகங்கள் ஒவ்வொன்றும் இருபது நிமிடத்தில் முடிந்தன என்று மச்சான் சொல்லியிருந்தார். பத்து ஐம்பது ஆயிற்று. பதினொன்று பத்து. மச்சான் ரயர்களை ஒவ்வொன்றாகக் காலால் உதைத்துப் பார்த்து முடித்து, மறுபடி முதலாவதிலிருந்து தொடங்கினார். 11.26க்கு அவள் வந்தாள். வாகனத்துக்குள் ஏறி, கதவைச் சாத்தி, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்ன கேட்டவை?" என்றேன்.

"உங்கடை நாலாவது கேள்வி."

"நீ என்ன சொன்னனி?"

கைகளை எடுக்காமலே சொன்னாள்: "நான் நல்ல ரீச்சர் எண்டு சொல்லிப்போட்டன், அண்ணை. பிள்ளையள் பயப்பிடுற கணக்கை என்னட்டைப் படிச்சால் பயப்பிடமாட்டினம் எண்டும் சொன்னன். வெக்கங்கெட்டவள்மாதிரிச் சொல்லிப்போட்டன்."

மச்சான் வாகனத்தை எடுத்தார். தெருவுக்கு வந்ததும் காரணமே இல்லாமல் ஒருமுறை ஹோர்ன் அடித்தார்.

முடிவை அடுத்த வாரம் சொல்வதாக அதிபர் சொல்லியிருந்தார். இனிஸ்ஃபெயிலில் புதுக் குழாய் பூட்டிக்கொண்டு மிஷன் கடற்கரைக்குப் போனோம்; அங்கே நாங்கள் தங்கிய இடத்திலும் கைத்தொலைபேசி சரியாக வேலை செய்யவில்லை. தரிப்பிட அலுவலகத்தின் இலக்கத்தைத் தங்கை பாடசாலையில் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். சனி, ஞாயிறு, திங்கள், மூன்று நாள் கடலில் கிடந்தோம். வெதுவெதுப்பான தண்ணீர். ஜூலை மாதத்தில் அங்கே குளிர்காலம் என்று சொன்னார்கள்; எனக்கும் மனைவிக்கும் அதைக் கேட்கச் சிரிப்பாக இருந்தது. காலையில் கசோவரி என்ற பெரிய கறுப்புப் பறவை ஒன்று கேரவனைச் சுற்றி நடந்துவிட்டுப் போகும். தெருவோரக் கடையொன்றில் பலாப்பழம் கண்டு, நாலு பேரும் கைக்கு எண்ணெய் பூசிக்கொண்டு மரத்தடியில் இருந்து முழுப் பழத்தையும் தீர்த்தோம். தங்கை எல்லோரையும்விட அதிகம் சிரித்தாள். ஆனால் அலுவலகப் பக்கமாக யாராவது நடந்து வந்தால் அவளுடைய பேச்சு பாதியில் நிற்கும்.

செவ்வாய்க்கிழமை 2.35க்கு அலுவலகப் பெண் மணலில் செருப்போடு வந்து தங்கையின் பெயரைக் கூப்பிட்டாள். தங்கை இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். சுரிதாரில் தண்ணீர் ஒழுக ஓடினாள். நாங்கள் மூவரும் பின்னால் ஓடி, அலுவலகத்துக்கு வெளியே நின்றோம். கொசு வலைக் கதவுக்கூடாக அவளுடைய முதுகு மட்டும் தெரிந்தது. நான்கு நிமிடத்தில் வெளியே வந்தாள்.

"தாறாங்களாம். நிரந்தரம். ஜனவரியில தொடக்கம்."

மனைவி அவளைக் கட்டிப்பிடித்தாள். மச்சான் படிக்கட்டில் அப்படியே இருந்துவிட்டார். நான்தான் கேட்டேன், எந்தத் திகதி என்று.

"திகதி பேந்து கேக்கலாம். வீட்டிலை கேட்டுச் சொல்லுறன் எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டன்."

மச்சான் படிக்கட்டிலிருந்து எழும்பினார்.

"வீட்டிலை ஆரைக் கேக்கிறது?" என்றார் மச்சான்.

"உங்களைத்தான். நீங்கள் வெளியிலை நிண்டனீங்கள். ஒரு சொல்லுக் கேளாமல் எப்பிடி ஓமெண்டுறது?"

"வருசக்கணக்கா நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து கேட்ட வேலையெல்லே."

"எட்டு வருசம் நான் பொறுத்தன். பத்து நிமிசம் அதிபர் பொறுக்கட்டுமன்."

"அவர் வேறை ஆளைக் கூப்பிட்டால்? போம், போய் எடும்."

உள்ளே திரும்பினோம். தொலைபேசி அதற்குள் வேறொருவர் கையில் இருந்தது. பவளப் பாறை பார்க்கப் போகும் படகில் ஆறு பேருக்கு இடம் பதிந்துகொண்டிருந்தார் ஒரு நெடுத்த மனிதர். ஒவ்வொருவருடைய பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொன்னார். நாங்கள் நால்வரும் அவருக்குப் பின்னால், நிலத்தில் கடல்நீர் தேங்க, வரிசையாக நின்றோம். அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைக் கூட்டி வேகமாகச் சொல்லத் தொடங்கினார். பதினொரு நிமிடம் என் கடிகாரத்தில்.

தங்கை தொலைபேசியை வாங்கிக் காதில் வைத்தாள். அதிபர் வந்திருக்கவேண்டும், அவள் நேராக நின்றாள். மச்சான் அவளுக்கு முன்னால் போய், அவள் கண்ணுக்குத் தெரியும்படி, தலையை மேலும் கீழும் பெரிதாக ஆட்டினார்.

"ஐ ஆஸ்க்ட் மை ஹஸ்பன்ட்," என்றாள் தங்கை. "ஹி செய்ஸ் யெஸ். ஐ ஆல்சோ சே யெஸ்."